பெரியப்பா வீட்டு டிவிடி பிளேயரும் கிங் காங்கின் கூடுதல் 13 நிமிடங்களும்

பெரியப்பா வீட்டு டிவிடி பிளேயரில் 'கிங் காங்' போட்டால், கப்பல் மூடுபனிக்குள் நுழையும்வரை எந்தத் தொந்தரவும் இருக்காது. தீவு வரப்போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிற நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடும். சத்தம் ஒரு நொடி இழுத்துப் பிடித்து அதுவும் நின்றுபோகும். பெட்டிக்குள் கிட்... கிட்... என்று ஏதோ தட்டும். கடைசியில் திரையில் 'நோ டிஸ்க்' என்று எழுத்து வரும்.

வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். பெரியப்பா காபித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருந்த அண்ணன் 2007-ல் லீவுக்கு வந்தபோது இந்த மூன்று டிஸ்க் பெட்டியை வாங்கி வந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் பார்த்தோம். பெரியப்பாவுக்கு அதில் ஒரு காட்சி மனதில் ஒட்டிக்கொண்டது. கறுத்த தண்ணீரில் தெப்பம் கட்டி ஆட்கள் போகிறார்கள், அடியிலிருந்து ஒரு பிரம்மாண்ட மீன் வருகிறது. அதற்குப் பிறகு டிவியில் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பெரியப்பா, "அந்த மீன் எங்கப்பா? வெட்டிட்டானா?" என்று கேட்பார்.

வெட்டவில்லை. தியேட்டரில் ஓடிய படத்தில் அது கிடையவே கிடையாது. பீட்டர் ஜாக்சனின் 'கிங் காங்' 2005 டிசம்பரில் வெளிவந்தபோது 187 நிமிடம். அடுத்த வருஷம் நவம்பரில் டிவிடியில் வந்த நீட்டித்த பதிப்பு 200 நிமிடம். கூடின 13 நிமிடத்தில் பெரும்பகுதி தீவுக்குள் நடப்பது. காட்டுக்குள் போகும் ஆட்களைக் கொம்பு வைத்த ஒரு டைனோசர் முட்டித் தள்ளும் இடம் ஒன்று, இந்தச் சதுப்பு நிலக் காட்சி இன்னொன்று. நீளம் கூடியதால் படத்தையே இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிட்டார்கள். மூன்றாவது டிஸ்க் முழுக்கப் படம் எடுத்த கதை.

இந்த இரண்டு காட்சியும் சும்மா நீளத்துக்காகச் சேர்த்தவை இல்லை. 1933-ல் வந்த முதல் 'கிங் காங்'கில், நாயகியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் எதிர்ப்படுவது முதுகில் தகடு தகடாக நிற்கும் ஸ்டெகோசாரஸ். அடுத்தது தெப்பத்தில் தண்ணீரைக் கடக்கும்போது அதைக் கவிழ்க்கும் நீளக் கழுத்து மிருகம். வில்லிஸ் ஓ'பிரையன் சின்னச் சின்னப் பொம்மைகளை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நகர்த்தி வைத்து எடுத்த காட்சிகள் அவை. ஜாக்சன் அந்த வரிசையை அப்படியே மனதில் வைத்துத் தன் படத்தில் எடுத்திருக்கிறார். தியேட்டர் பதிப்பில் சேர்க்காமல் எடுத்து வைத்தார், டிவிடியில் திரும்பச் சேர்த்தார். எனக்கு இந்த நீட்டித்த பதிப்புதான் முழுப் படம். தெப்பம் இல்லாமல் பார்த்தால், அந்தத் தீவைக் கால் நனையாமல் கடந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

பெரியப்பாவுக்கு இந்தத் தையோடு எண்பது முடிகிறது. கார்த்திகைத் தீபத்துக்குப் போயிருந்தபோது அந்த டிஸ்க் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "இது ஒரு தடவை ஓடுமா சாமி?" என்று கேட்டார். பிளேயரை அட்டைப்பெட்டியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் ஞாயிறு

மேல் மூடியைக் கழற்றியதும் கண்ணில் பட்டது பவர் போர்டு. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்து நிற்கும் இரண்டு கெபாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. இரண்டும் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். மல்டிமீட்டர்கூட வைக்க வேண்டாம், கண்ணாலேயே சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் இந்த மெஷின் ஆன் ஆகவே பத்து நிமிடம் பிடிக்கும் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். அதற்குக் காரணம் இதுதான். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோன கெபாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாகும்.

போர்டில் கை வைக்கும் முன்னால் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே வரும் 230 வோல்ட் ஏ.சி., டி.சி.யாக மாறி பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். நான் ஒரு பழைய குண்டு பல்பில் இரண்டு வயர் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த வயர்களைப் பெரிய கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் வைத்தால் பல்பு ஒரு கணம் மினுங்கி அணையும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்து பூஜ்யம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னை எடுப்பேன்.

அதே 1000 மைக்ரோஃபாரட், வோல்ட் மட்டும் 16, வெப்பம் தாங்கும் அளவு 105 டிகிரி என்று பார்த்து இரண்டு கெபாசிட்டர் போட்டேன். வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. பக்கத்தில் கோடு போட்டிருக்கும் கால் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

டிரே வெளியே வராமல் முனகியதற்குக் காரணம் பெல்ட். மோதிரம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம். தொட்டதும் வெடிப்பு தெரிந்தது. பத்து ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டதும் டிரே வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்புறம் லென்ஸ். கடையில் லென்ஸ் என்று சொன்னால் அந்தக் கண்ணாடிப் பொட்டு மட்டும் இல்லை, லேசரோடு சேர்ந்த மொத்த யூனிட்டையும் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணாடியின் மேல் வெள்ளையாக ஒரு படலம், மலை வீட்டு ஈரத்தின் வேலை. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) லிக்விடை ஒரு துளி நனைத்து, பிழிந்துவிட்டு, கண்ணாடியின் மேல் எடையே வைக்காமல் சுற்றி எடுத்தேன். அந்தப் பொட்டு தலைமுடி மாதிரியான கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். மெஷின் ஓடும்போது லேசரைக் குனிந்து பார்க்கவே கூடாது.

ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் இன்னொரு பகுதி மெஷினில் ஓடாமல் தடுக்கும் ரீஜன் சிக்கல் இந்த மெஷினில் இல்லை. அமெரிக்க டிஸ்க் ரீஜன் 1, நம் நாடு ரீஜன் 5. வாங்கிய அன்றே கடையில் எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அது போர்டில் இருக்கும் மெமரி சிப்பில் பதிந்திருப்பதால் கெபாசிட்டர் மாற்றியும் அழியவில்லை. டிவி அமைப்பை மட்டும் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.க்கு மாற்ற வேண்டியிருந்தது. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே பதிப்பை ஐரோப்பாவில் வந்த 'PAL' என்ற டிவி முறை டிஸ்க்காக யாராவது வைத்திருந்தால், ஓடும் நேரம் 192 நிமிடம்தான் காட்டும். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்ததை 25-ஆக ஓட்டுவதால் வரும் வித்தியாசம் அது. காட்சி எதுவும் குறையாது.

அடுத்தது டிஸ்க்குகள். பெட்டிக்குள் ஈரம் இறங்கி, உள்ளே இருந்த தாள் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிய்க்கவில்லை. டிஸ்க்கை எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து நெம்பக் கூடாது. நடுப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினால் தானாகக் கழன்று வரும். ஒரு டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடுகளை முதுகோடு முதுகு ஒட்டியது. நெம்பினால் நடு ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விட்டு, ஒட்டிய இடம் பிரிய ஆரம்பிக்கும்.

முதல் இரண்டு டிஸ்க்கிலும் பூஞ்சை கோலப்புள்ளி மாதிரி பூத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நனைத்த பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு நேர்கோட்டில்தான் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கவே கூடாது. பதிவு வட்டமாகத்தான் ஓடுகிறது. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் அது ஒரே தடத்தின் மேல் நீளமாகப் படுத்து, தொடர்ச்சியாகப் பதிவைத் தின்றுவிடும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் தொடும். அந்தப் புள்ளியை மெஷின் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும், அதற்கான கூடுதல் பதிவு டிஸ்க்கிலேயே இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி எட்டரைக்குப் போட்டேன். கப்பல், மூடுபனி, தீவு. நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. முதல் டிஸ்க் முடிந்து இரண்டாவது போட்டேன். அதுவும் கடைசிவரை ஓடியது. 200 நிமிடமும் ஒரு தடங்கல் இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகும் நான் உட்கார்ந்து மூன்றாவது டிஸ்க்கில் கொஞ்சம் பார்த்தேன்.

மறுபடி மலைக்கு

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைத் தாண்டும்போது மடியில் இருந்த பெட்டியை ஒரு தடவை பிடித்துக்கொண்டேன். டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த ஸ்டுடியோவில் இன்றைக்கு மிச்சம் நிற்பது அந்த முகப்புதான். அவர்களும் ஒரு பிரம்மாண்ட மிருகப் படம் செய்தவர்கள். 1952-ல் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில், யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி ஆதிகாலத்து மாமூத்தாக நடக்க வைத்தார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். சேலத்துக்காரனுக்கு இராட்சச மிருகப் படம் வெளியூர்ச் சமாச்சாரம் இல்லை என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஏழு மணிக்கு பெரியப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். மார்கழி பிறந்து நாலு நாள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத மூடுபனி. மெஷின் உடனே ஆன் ஆனது, கெபாசிட்டர் வேலை செய்கிறது. டிரே வழுக்கியது. படம் ஆரம்பித்தது.

கப்பல் மூடுபனிக்குள் நுழைந்தது, படம் நின்றது. கிட்... கிட்... அதே இடம்.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. "சரி விடு, சாப்பிடலாம்" என்று எழுந்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சேலத்தில் முழுசாக ஓடிய அதே டிஸ்க், அதே மெஷின், அதே லென்ஸ். கரண்ட் குறைவா என்று மீட்டரை வைத்துப் பார்த்தேன், 224 இருந்தது. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். அதுவும் பாதிவரை ஓடி நின்றது. அலமாரியில் கிடந்த பழைய பாட்டு டிவிடி ஒன்றைப் போட்டேன். அது கடைசிப் பாட்டுவரை ஓடியது.

திங்கட்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னேன். "லென்ஸ் வீக்குங்கண்ணா. டபுள் லேயர் டிஸ்க் இழுக்காது. மாத்திருங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இவ்வளவு நீளப் படத்தைத் தரம் குறையாமல் 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை அடுக்கில் வைப்பது கஷ்டம். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கில்தான் வைப்பார்கள். முதல் அடுக்கு பாதி ஒளியை உள்ளே விட வேண்டும், மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் இரட்டை அடுக்கு டிஸ்க்கிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் ஒற்றை அடுக்கில் வருவதைவிட வெகு குறைவு. லேசர் சோர்ந்துவிட்டால் முதலில் படுப்பது இந்த மாதிரி டிஸ்க்தான். முந்நூறு ரூபாய்க்குள் ஒரு புது லென்ஸ் வாங்கி வந்தேன்.

கவரைப் பிரிக்கும் முன் நின்றேன். லேசர் சோர்ந்திருந்தால் அம்மாப்பேட்டையில் எப்படி ஓடியது? அன்று ராத்திரி அதே பழைய லென்ஸில் மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்கும் முழுசாக ஓடின. பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "எப்போலிருந்து பெரியப்பா இப்படி நிக்குது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "போன சித்திரையில உங்க அத்தை பசங்க வந்தப்போ ஓடுச்சேப்பா. ஐப்பசி மழைக்கு அப்புறம் போட்டா நிக்குது" என்றார்.

சித்திரையில் ஓடுகிறது, மார்கழியில் நிற்கிறது. சேலத்தில் ஓடுகிறது, 1500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. குளிர்தான் என்று புரிந்தது. ஆனால் குளிர் எதைப் பிடித்து நிறுத்துகிறது?

ஃப்ரிட்ஜ் சோதனை

டிவிடியில் பதிவு உள்ளேயிருந்து வெளியே போகிறது. நடுப்புள்ளியிலிருந்து 24 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 58-ல் முடிகிறது. லென்ஸ் யூனிட் இரண்டு எஃகுக் கம்பிகளின் மேல் பல்சக்கரம் தள்ளத் தள்ள நகர்ந்து போகும். அதன் வாழ்நாள் பயணமே மூன்றரை சென்டிமீட்டர் கிடையாது. ஒரு அடுக்கைப் படித்து வெளி ஓரம்வரை போனதும், லென்ஸ் கொஞ்சம் மேலே கீழே ஆடி இரண்டாவது அடுக்கைக் கண்டுபிடித்து, வந்த வழியே உள்ளே திரும்பும். இந்தத் திருப்பம் படத்தின் நட்ட நடுவில் வரும். இரண்டு டிஸ்க்கும் பாதியில் நின்றதற்கு இதுதான் பொருள். வெளி ஓரத்தில் ஏதோ பிடிக்கிறது. பாட்டு டிவிடி பாதிகூட நிரம்பாத டிஸ்க், பளபளப்பு மாறும் வளையத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்காக லென்ஸ் வெளி ஓரத்துக்குப் போகவே வேண்டியதில்லை. அதனால்தான் அது எந்தக் குளிரிலும் ஓடியது.

மெக்கானிசத்தை மட்டும் தனியாகக் கழற்றினேன். ரிப்பன் கேபிளைப் பிடுங்கும் முன் லென்ஸ் போர்டில் லேசரின் கால்களைச் சேர்க்கும் இரண்டு பொட்டுகளை ஒரு துளி ஈயத்தால் இணைத்துவிட்டேன். நம் கையில் இருக்கும் நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடும் என்பதற்காக. புது லென்ஸ் வாங்கினாலும் இந்த ஈயப் பொட்டோடுதான் வரும். கேபிளை மாட்டிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும், மறந்தால் எவ்வளவு புது லென்ஸானாலும் 'நோ டிஸ்க்'தான்.

வெயில் ஏறிய மத்தியானம். பல்சக்கரத்தை விரலால் உருட்டினேன். லென்ஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் போய் வந்தது. மெக்கானிசத்தை இரண்டு பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு மேல் வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து, கவரைப் பிரிக்காமலேயே வெளியிலிருந்து சக்கரத்தை உருட்டினேன். முதல் இரண்டு சென்டிமீட்டர் லேசாகப் போனது. அப்புறம் விரலுக்குக் கனம் தெரிந்தது. கடைசி ஐந்து ஆறு மில்லிமீட்டரில் சக்கரம் திரும்ப மறுத்தது. அங்கேதான் பல் வழுக்கி கிட் என்று சத்தம் கேட்டது. பெரியப்பா வீட்டில் கேட்ட அதே சத்தம்.

கவருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மத்தியானம் பளபளவென்று சுத்தமாக இருந்த எஃகுக் கம்பியில், வெளி ஓரத்துப் பக்கம் மட்டும் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. மெழுகு மாதிரி, ஓரம் கொஞ்சம் பழுப்பு. அறைச் சூட்டுக்கு வந்ததும் கவரைப் பிரித்து விரல் நுனியால் தொட்டேன். அதற்குள் வெள்ளை கரைந்து ஈரமாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். லேசாகச் சிக்கு வாடை. தேங்காய் எண்ணெய்.

மறுபடி போன் போட்டேன். "ஆமாம்பா," என்றார் பெரியப்பா. "ரெண்டு மூணு வருஷம் இருக்கும். கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் வந்துச்சு. மூடியைத் தெறந்து, அந்தக் கம்பி தெரிஞ்ச எடத்துல ரெண்டு சொட்டு விட்டேன். சத்தம் நின்னுடுச்சு."

கதை முழுசாகப் பொருந்திவிட்டது. ஓடாமல் இருக்கும்போது லென்ஸ் உள் பக்கம்தான் நிற்கும். அப்போது திறந்து பார்த்தால் தெரிகிற கம்பி வெளி ஓரம். எண்ணெய் அங்கே விழுந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் அந்த வெப்பம் மார்கழி விடியற்காலையில்தான் வரும். பெரியப்பா வீட்டில் குளியலறை எண்ணெய்ப் பாட்டிலை வருஷத்தில் பாதி நாள் வெந்நீரில் வைத்துத்தான் சாய்க்க முடியும். அந்தப் பாட்டிலை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை இந்த மெஷினோடு சேர்த்து யோசிக்க இத்தனை நாள் ஆனது. அவர் செய்ததில் தப்பும் இல்லை. தையல் மெஷினிலிருந்து கதவுக் கீல்வரை அந்த வீட்டில் சத்தம் போட்ட எல்லாவற்றையும் அந்தக் கைதான் அடக்கியிருக்கிறது.

சுத்தம் செய்தது இப்படி. இரண்டு கம்பிகளையும் மெக்கானிசத்திலிருந்து உருவி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. எது எந்தப் பக்கம் என்று மார்க்கரில் குறித்துக்கொண்டேன், நீளம் ஒன்றே என்றாலும் தேய்மானம் வேறு. ஐ.பி.ஏ.வில் நனைத்த துணியை மடித்து, கம்பியை அதற்குள் வைத்து இழுத்தேன். முதல் இழுப்பில் துணியில் டீத்தூள் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. ஏழாவது இழுப்பில்தான் துணி வெள்ளையாக வந்தது. லென்ஸ் யூனிட்டில் கம்பி நுழையும் ஓட்டைக்குள்ளும் பஞ்சைத் திருகி விட்டு எடுத்தேன். அதை விட்டிருந்தால் நாலு நாளில் கம்பி மறுபடி பிசுபிசுத்திருக்கும். பல்சக்கரங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பல்லுக்குப் பல் நடுவே எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிமண்ணாக இருந்தது. பல் வழுக்கியும் எதுவும் உடையவில்லை, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கம்பிக்கு பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை கிரீஸ் போட்டேன். அளவு ரொம்ப முக்கியம். பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து, கம்பிக்கு ஒரு கடுகளவு, சக்கரத்துக்கு ஒரு கடுகளவு. லென்ஸை நாலைந்து தடவை போக வர உருட்டினால் தானே பரவிக்கொள்ளும். சைக்கிள் கிரீஸ் வேண்டாம். அதுவும் குளிரில் கெட்டியாகும், லென்ஸ் கண்ணாடி மேல் தெறித்தால் எடுக்கவும் முடியாது.

மறுபடி கவரில் சுற்றி ஃப்ரிட்ஜ். இந்தத் தடவை ஒரு மணி நேரம். எடுத்து உருட்டினேன். கோடிக்குக் கோடி ஒரே கனம். வெளி ஓரத்தில் விரலுக்கு எதுவும் தட்டவில்லை. மெக்கானிசம் நன்றாகக் காய்ந்து அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, கேபிளை மாட்டி, ஈயப் பொட்டை உறிஞ்சி எடுத்து, மூடியைப் போட்டேன். புது லென்ஸ் கவர் பிரிக்காமலே பெட்டிக்குள் இருக்கிறது. என்றாவது உண்மையிலேயே தேவைப்படும்.

மலையில், மார்கழிக் கடைசி

போகிக்கு முந்தின நாள் போனேன். மெஷினை வேண்டுமென்றே ஜன்னல் ஓரம் மேஜையில் இரண்டு மணி நேரம் சும்மா வைத்தேன். தகரத்தைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. ஏழரைக்கு முதல் டிஸ்க்.

கப்பல் மூடுபனிக்குள் போனது. எனக்குப் படத்தில் கண் இல்லை, பெட்டியின் மேல்தான் காது. தீவு வந்தது. அப்புறம் ஒரு இடத்தில் படம் இமைக்கும் நேரம் நின்றது. கிட் சத்தம் வரவில்லை. லென்ஸ் அடுக்கு மாறும் அந்த மெல்லிய ஸ்ஸ் மட்டும் கேட்டது, படம் நகர்ந்தது. பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாண்டிடுச்சு பெரியப்பா" என்றேன். கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கொம்பு டைனோசர் புதரைக் கிழித்துக்கொண்டு வந்தபோது பெரியம்மா "அடியாத்தி" என்றார். தெப்பம் தண்ணீரில் இறங்கியதும் பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் காட்சியில் ஜாக்சன் செய்திருப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் பிடிக்கும். முதலில் மீனைக் காட்ட மாட்டார்.  அடியில் ஏதோ நகர்கிறது என்று தெரியும், எவ்வளவு பெரிசு என்று தெரியாது. அது முடிந்ததும் பெரியப்பா கையை நீட்டினார். "அதை மட்டும் இன்னொரு தடவை போடு சாமி." மூன்று தடவை போட்டோம். மூன்றாவது தடவை, மீன் வருகிற பக்கத்தை அவரே முந்திச் சொன்னார்.

இரண்டாவது டிஸ்க் முடிய பன்னிரண்டு ஆனது. ஆனாலும் எனக்கு மனம் முழுசாகத் தெளியவில்லை. ராத்திரி ஓடியது சரி, மெஷின் சூடாகியிருந்தது. விடியற்காலைக் குளிரில் என்ன செய்யும் என்று பார்த்துவிட வேண்டும். ஆறு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது, வால்யூமைக் குறைத்து வைத்து இரண்டாவது டிஸ்க்கை மறுபடி போட்டேன். பாதியில் இமைக்கும் நேரம் நின்றது, பிறகு ஓடியது. பெரியம்மா எழுந்து தோட்டத்துக் காபிக்கொட்டையை வறுத்து அரைத்த பொடியில் டிகாக்‌ஷன் இறக்கினார். ஏழே கால் போல டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தபோது, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் காங் நின்றுகொண்டிருந்தது, விமானங்கள் வந்துவிட்டன. பெரியப்பா எப்போது எழுந்து வந்தார் என்று கவனிக்கவில்லை. கம்பளியோடு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.